ரத்தத்தில் அமைலேஸ் கூடுதல், சிறுநீரில் குறைவு: எப்படிப் புரிந்துகொள்வது?

கயல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 61. ஐந்து மாதங்களுக்கு முன் முழு உடல் பரிசோதனை செய்தபோது ரத்தத்தில் அமைலேஸ் லிட்டருக்கு 286 யூனிட் என்று முடிவு வந்தது. அந்த ஆய்வகம் குறிப்பிட்டிருந்த இயல்பு அளவு 28 முதல் 100 வரை. ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது 271. சென்ற வாரம் வேறோர் ஆய்வகத்தில் எடுத்தபோது 294. கணையம் சுரக்கும் மற்றொரு நொதியான லைபேஸ் மூன்று முறையும் எல்லைக்குள்தான் இருந்தது. அவருக்கு வயிற்று வலி இல்லை, வாந்தி இல்லை, எடையும் குறையவில்லை. மது அருந்தும் வழக்கமோ சர்க்கரை நோயோ கிடையாது. சி.டி. ஸ்கேனில் கணையம் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

இப்போது மருத்துவர் சிறுநீரில் அமைலேஸ், ரத்தத்திலும் சிறுநீரிலும் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) ஆகியவற்றை ஒரே நாளில் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார். காரணம் கேட்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். அமைலேஸ் கூடினால் கணையத்தில்தான் கோளாறு என்று படித்துவிட்டு இரவெல்லாம் உறக்கமில்லாமல் கிடக்கிறேன். ரத்தத்தில் கூடியிருப்பது தெரிந்த பிறகு சிறுநீரைப் பார்ப்பதால் புதிதாக என்ன தெரியவரும்? மூன்று முறையும் ஆய்வகம் தவறு செய்திருக்க வாய்ப்பு உண்டா? சிறுநீரை 24 மணி நேரம் சேகரிக்க வேண்டுமா, ஒரு வேளை கொடுத்தால் போதுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன்.

சோதனைக்குழாய்

வணக்கம் கயல். நான் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்ப்பவன். நோயைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சோதனையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓர் ஏரியில் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். வரத்து கூடியிருக்கலாம், அல்லது மதகு வழியே வெளியேறுவது குறைந்திருக்கலாம். மட்டத்தை மட்டும் பார்த்து எது காரணம் என்று சொல்ல முடியாது. மதகடியில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும். ரத்த அமைலேஸ் என்பது நீர்மட்டம், சிறுநீர் அமைலேஸ் என்பது மதகில் போகும் நீர். உங்கள் மருத்துவர் மதகைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கும் நொதி. இதைக் கணையம் மட்டும் சுரப்பதில்லை. இயல்பான ஒருவரின் ரத்தத்தில் இருக்கும் அமைலேஸில் ஏறக்குறைய பாதியோ அதற்குச் சற்று மேலோ உமிழ்நீர்ச் சுரப்பி வகையைச் சேர்ந்தது. மீதிதான் கணைய வகை. இதன் மூலக்கூறு எடை சுமார் 54,000 முதல் 62,000 வரை. அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டியில் நுழைந்து வெளியேறும் அளவுக்குச் சிறியது. ரத்தத்தில் அளக்கும் நொதிகளில் இப்படி இயல்பாகவே சிறுநீரில் கணிசமாக வருவது அமைலேஸ்தான். லைபேஸும் வடிகட்டப்படுகிறது, ஆனால் சிறுநீரக நுண்குழல்கள் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் சிறுநீரில் வருவதில்லை. எனவேதான் சிறுநீர் அமைலேஸ் என்று ஒரு சோதனை இருக்கிறது, சிறுநீர் லைபேஸ் என்று வழக்கத்தில் ஒன்று இல்லை.

மூன்று முறையும் தவறு நடந்திருக்குமா என்று கேட்டீர்கள். இரண்டு ஆய்வகங்களில், மாதக்கணக்கான இடைவெளியில், அருகருகே எண்கள் வந்திருப்பதால் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றே எண்ணுகிறேன். ஆனாலும் இந்தச் சோதனையில் எங்கே சறுக்கல் வரும் என்று தெரிந்துகொள்வது நல்லது. அமைலேஸ் வேலை செய்யக் கால்சியம் தேவை, குளோரைடு அதை ஊக்குவிக்கும். ரத்த அணுக்களை எண்ணுவதற்குப் பயன்படும் ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். சிட்ரேட் குழாயும் அப்படியே. ஆகவே சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) அல்லது ஹெப்பாரின் பிளாஸ்மாதான் ஏற்றது. எதிர்த்திசையில், அளவைப் பொய்யாகக் கூட்டுவது எச்சில். உமிழ்நீரில் இந்த நொதி சீரத்தைப் போலப் பல நூறு மடங்கு இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூடி திறந்த மாதிரிகளுக்கு எதிரே நின்று பேசக்கூடாது என்று என் மூத்தவர் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். அப்போது அது மிகையாகப் பட்டது. ஒரு நாள் ஒரே ஒரு குழாயில் மட்டும் நம்ப முடியாத எண் வந்து, அதே நோயாளியின் மற்றொரு குழாயை ஓட்டியபோது முழு இயல்பாக வந்ததைப் பார்த்த பிறகு நான் அப்படிப் பேசியதில்லை.

இன்னொன்று, இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடும்போது முறையையும் கவனியுங்கள். இப்போது பெரும்பாலும் குளோரோ நைட்ரோ பீனால் சேர்த்த மூன்று குளுக்கோஸ் சங்கிலியையோ, நைட்ரோ பீனால் சேர்த்த ஏழு குளுக்கோஸ் சங்கிலியையோ நொதிக்குத் தீனியாகக் கொடுக்கிறோம். நொதி சங்கிலியை வெட்டும்போது நிறமற்ற கரைசல் மெல்ல மஞ்சளாகும். 37 டிகிரி செல்சியஸில், 405 நானோமீட்டர் ஒளியில், அந்த மஞ்சள் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதே உங்கள் தாளில் அச்சாகும் எண். தீனி மாறினால் எண்ணும் இயல்பு எல்லையும் மாறும். எனவே 271, 294 என்ற எண்களை நேரடியாக ஒப்பிடாமல், அந்தந்த ஆய்வகத்தின் மேல் எல்லைக்கு எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

சிறுநீர் பற்றி: கிரியாட்டினினையும் சேர்த்துக் கேட்டிருப்பதால் ஒரு வேளை சிறுநீரே போதும். ரத்தத்தையும் சிறுநீரையும் கூடுமானவரை ஒரே நேரத்தில் கொடுத்துவிடுங்கள்.

வளர்மதி

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். என் தாயாருக்கு 24 மணி நேரச் சிறுநீர் அமைலேஸ் கேட்டிருந்தார்கள். ஓர் ஆய்வகத்தில் கொடுத்த கலத்தில் ஏற்கெனவே அமிலம் ஊற்றப்பட்டிருந்தது. வேறு ஏதோ சோதனைக்கான கலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் முழுக்க அம்மா சிரமப்பட்டுச் சேகரித்துக் கொடுத்தார். முடிவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று வந்தது. அமிலத்தில் அமைலேஸ் சிதைந்துபோகும் என்று வேறோர் ஆய்வகத்தில் இருந்த பெண் விளக்கிய பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

ஆகவே கலத்தை வாங்கும்போதே, அமைலேஸுக்கு என்று சொல்லி, உள்ளே ஏதாவது ஊற்றியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நாள் முழுக்கச் சேகரிக்கச் சொன்னால், காலையில் முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை எல்லாவற்றையும் சேர்த்து, இடையில் குளிர்ந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரு முறை தவறவிட்டாலும் மொத்த அளவு குறைந்துவிடும்.

இளவேனில்

நான் குடல், கணைய நோய்களைப் பார்க்கும் மருத்துவன். உங்கள் தந்தையை நேரில் பார்க்காமல் நோய் இன்னது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மருத்துவர் எந்த வழியில் சிந்திக்கிறார் என்பதை ஊகிக்க முடிகிறது, அது சரியான வழியாகவும் தெரிகிறது.

திடீர்க் கணைய அழற்சியில் அமைலேஸ் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, பொதுவாக மூன்று முதல் ஐந்து நாட்களில் இறங்கிவிடும். லைபேஸும் உடன் ஏறும். ஆனால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஏறியே நிற்கும். சிறுநீர் அமைலேஸ் ரத்தத்தைவிடச் சில நாட்கள் கூடுதலாக உயர்ந்திருப்பதால், வலி வந்து நாட்கள் கடந்து வருபவர்களிடம் ஒரு காலத்தில் அதைத்தான் நம்பியிருந்தோம். இப்போது அந்த இடத்தை லைபேஸ் பிடித்துக்கொண்டது. 2012ஆம் ஆண்டு திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறையின்படி, கணைய அழற்சிக்கே உரிய வயிற்று வலி, மேல் எல்லையைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்த லைபேஸ் அல்லது அமைலேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் திடீர்க் கணைய அழற்சி என்கிறோம். உங்கள் தந்தைக்கு வலி இல்லை, ஸ்கேன் இயல்பு, லைபேஸ் இயல்பு, அமைலேஸும் மூன்று மடங்குக்குக் கீழே. அதோடு, அழற்சியில் ஏறிய அமைலேஸ் ஐந்து மாதம் அதே இடத்தில் நிற்காது.

அப்படியானால் லைபேஸ் ஏறாமல் அமைலேஸ் மட்டும் ஏறி நிற்பது ஏன்? முதலில் உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பார்க்க வேண்டும். பொன்னுக்கு வீங்கியில் அமைலேஸ் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்தது. சுரப்பியில் கல் அடைத்தாலும், அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கும், நீண்ட நாள் மது அருந்துபவர்களுக்கும் ஏறும். நுரையீரல், சினைப்பைக் கட்டிகள் சில, கருக்குழாய்க் கர்ப்பம் ஆகியவையும் உமிழ்நீர் வகை அமைலேஸை உயர்த்தலாம். அடுத்தது சிறுநீரகம். அது தளர்ந்தால் வெளியேறுவது குறைந்து ரத்தத்தில் தேங்கும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

சிலரது ரத்தத்தில் அமைலேஸ் தனியாக உலவாமல், இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பெரிய மூலக்கூறாகிவிடுகிறது. இதை மேக்ரோ அமைலேஸ் என்பார்கள். இதன் எடை இரண்டு லட்சத்துக்கும் மேல் போய்விடுவதால் சிறுநீரக வடிகட்டியில் நுழைய முடியாது. கணையமும் உமிழ்நீர்ச் சுரப்பியும் இயல்பாகவே சுரக்கின்றன; வெளியேற வழியில்லாமல் நொதி ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. இயந்திரத்தில் ஓட்டினால் அந்த ஒட்டிய அமைலேஸும் தீனியை வெட்டி மஞ்சள் நிறத்தைக் காட்டும், எண் உயரும். அதே நேரத்தில் சிறுநீரில் அளவு இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும். இது பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராது. சிலருக்குச் சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்), தன்னெதிர்ப்பு நோய்கள் போன்றவற்றோடு சேர்ந்து காணப்படுவதால், அவற்றுக்கான அறிகுறிகளை மருத்துவர் கேட்டறிவார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வலியே இல்லாதவருக்கு இந்த எண்ணைக் கண்டு அச்சப்பட்டு, தேவையில்லாத ஸ்கேன்களும் உள்நோக்குச் சோதனைகளும் செய்து, சில நேரம் அறுவை வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு குவளைச் சிறுநீரும் கிரியாட்டினினும் அவர்களுக்கு முதலிலேயே கேட்கப்பட்டிருந்தால் அந்த வேதனை இருந்திருக்காது.

கயல்

மூவருக்கும் நன்றி. நீண்ட நாளுக்குப் பிறகு நேற்று இரவு உறங்கினேன். இன்று முடிவுகள் வந்துவிட்டன. ஒரே காலையில் எடுத்தவை:

ரத்த அமைலேஸ் 290, சிறுநீர் அமைலேஸ் 130, இரண்டும் லிட்டருக்கு யூனிட் கணக்கில். ரத்தக் கிரியாட்டினின் 0.9, சிறுநீர்க் கிரியாட்டினின் 90, இரண்டும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்.

சிறுநீர் அமைலேஸ் ஆய்வகத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது. இயல்பு என்று எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்வதா என்று தெரியவில்லை. மருத்துவரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

சோதனைக்குழாய்

கயல், இங்கே இயல்பு என்ற சொல் உங்களைக் குழப்பக்கூடும். ரத்தத்தில் மூன்று மடங்கை நெருங்கும் அளவுக்கு நொதி இருக்கும்போது சிறுநீரிலும் அது கூடித்தான் வர வேண்டும். வராமல் இயல்பாக இருப்பதுதான் இங்கே செய்தி.

கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். சிறுநீர் அமைலேஸை ரத்தக் கிரியாட்டினினால் பெருக்குங்கள்: 130 பெருக்கல் 0.9 என்றால் 117. ரத்த அமைலேஸைச் சிறுநீர்க் கிரியாட்டினினால் பெருக்குங்கள்: 290 பெருக்கல் 90 என்றால் 26,100. முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 0.45 சதவீதம். அதாவது, சிறுநீரகம் கிரியாட்டினினை வெளியேற்றும் வேகத்தோடு ஒப்பிட்டால் அமைலேஸை அதில் அரை சதவீதம்கூட வெளியேற்றவில்லை. பொதுவாக இது 1 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். மேக்ரோ அமைலேஸ் இருப்பவர்களுக்கு 1 சதவீதத்துக்குக் கீழே போகும்.

ஒரு வேளை சிறுநீர் ஏன் போதும் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. உங்கள் தந்தை அன்று காலை நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் சிறுநீரில் அமைலேஸ் நீர்த்துப்போகும், கிரியாட்டினினும் அதே விகிதத்தில் நீர்த்துப்போகும். ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது தண்ணீரின் கணக்கு கழிந்துவிடுகிறது. தனியாகச் சிறுநீர் அமைலேஸை மட்டும் பார்த்தால் இந்த வசதி கிடையாது. ஆகவே கிரியாட்டினின் இல்லாத ஒரு வேளைச் சிறுநீர் எண்ணுக்கு நான் பெரிய மதிப்புத் தருவதில்லை.

முடிவை உறுதிசெய்யப் பாலி எத்திலீன் கிளைக்கால் கொண்டு வீழ்படிவாக்கும் சோதனை உண்டு. சீரத்தோடு சம அளவு அந்தக் கரைசலைச் சேர்த்துக் கலக்கினால் குழாய் பால்போல் கலங்கும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றியபின் எதிர்ப்புரதங்கள் அடியில் வெண்மையாகப் படிந்துவிடும், அவற்றோடு ஒட்டிய அமைலேஸும் கீழே போய்விடும். மேலே தெளிந்து நிற்பதில் மறுபடி அமைலேஸைப் பார்த்து, நீர்த்ததற்காக இரண்டால் பெருக்கி, பழைய எண்ணோடு ஒப்பிடுவோம். எல்லா ஆய்வகங்களிலும் இது வழக்கமாக நடப்பதில்லை. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

அருள்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பெரியப்பாவின் பழைய கோப்பு ஒன்றில் அமைலேஸ் 150 சோமோகி யூனிட், இயல்பு என்று இருக்கிறது. இப்போதைய தாளில் 150 என்றால் அதிகம் என்கிறார்கள். எது சரி?

சோதனைக்குழாய்

இரண்டும் சரி, அருள். சோமோகி 1938இல் வெளியிட்ட முறையின் வழிவந்த அலகு அது. மாவுச்சத்திலிருந்து எவ்வளவு சர்க்கரை விடுபட்டது என்று அளந்து எழுதிய எண். ஒரு சோமோகி யூனிட்டை ஏறக்குறைய 1.85 யூனிட்டுக்குச் சமம் என்று மாற்றுவார்கள். ஆனால் தீனியே வேறாகிவிட்டதால் அப்படி மாற்றிய எண்ணை இன்றைய இயல்பு எல்லையோடு வைத்துப் பார்ப்பது பொருந்தாது. பழைய எண்ணைப் பழைய எல்லையோடு மட்டும் படியுங்கள்.

கயல்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மருத்துவரும் அதே கணக்கைத்தான் தாளில் போட்டுக் காட்டினார். வீழ்படிவுச் சோதனையும் செய்தாகிவிட்டது. முதலில் 294 இருந்தது. வீழ்படிவான பிறகு மேலே எஞ்சியது, நீர்த்த அளவைத் திருத்திய பிறகும், 38தான். மேக்ரோ அமைலேஸ் என்று முடிவெழுதி, சீலியாக் நோய்க்கான ரத்தச் சோதனையும் பார்த்து, அது இல்லை என்று சொல்லிவிட்டார். மருந்து எதுவும் வேண்டாம் என்கிறார். அப்பா, நான் அப்போதே சொன்னேனே, எனக்கு ஒன்றுமில்லை என்று, எனச் சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். இனி இதற்காக எதையாவது தொடர்ந்து பார்த்துவர வேண்டுமா?

இளவேனில்

மிக்க மகிழ்ச்சி. 294இல் 38 மட்டும் மிஞ்சியது என்றால் சுமார் 87 சதவீதம் அடியில் போயிருக்கிறது, ஐயத்துக்கு இடமில்லை.

அமைலேஸை மாதாமாதம் பார்க்க வேண்டிய தேவை இல்லை, பார்த்தாலும் அது உயர்ந்தேதான் இருக்கும். சிலருக்கு ஆண்டுகள் கடந்து தானாக மறைவதும் உண்டு. ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள். மேக்ரோ அமைலேஸ் என்ற சொல்லையும், வீழ்படிவுச் சோதனையின் இரண்டு எண்களையும், தேதியையும் ஒரு தாளில் எழுதி அவருடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். நாளைக்கு வேறு ஏதோ காரணத்துக்காக அவருக்கு வயிற்று வலி வந்து, நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், அங்கிருக்கும் மருத்துவர் அமைலேஸைப் பார்த்ததும் கணைய அழற்சி என்று எண்ணிப் பித்தப்பையையோ குடலையோ கவனிக்கத் தாமதிக்கலாம். அந்தத் தாள் கையில் இருந்தால், அமைலேஸை ஒதுக்கிவிட்டு லைபேஸைப் பார்ப்பார். அதே சமயம், வலியோடு லைபேஸும் மூன்று மடங்கு உயர்ந்திருந்தால், இவருக்கு எப்போதும் இப்படித்தான் என்று சொல்லி நீங்கள் தடுத்துவிடக் கூடாது. மேக்ரோ அமைலேஸ் இருப்பவருக்கும் கணைய அழற்சி வரலாம்.

கயல்

இன்று மாலையே எழுதி வைத்துவிட்டேன், ஐயா. ஒரு படி அப்பாவின் பணப்பையிலும் இருக்கிறது.